களா வேலிக்கு அந்தாண்ட

போன வாரம் பாகூர் பேக்கரியில் பேத்திக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தேன். உச்சியில் இருந்த செர்ரியைத்தான் முதலில் தின்றாள். அது செர்ரி இல்லை, பாகில் ஊறிச் சிவந்த களாக்காய் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். வியாபாரத்தைக் கெடுப்பானேன் என்று நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை எனக்குக் களாப்பூ வாசனையாகவே இருந்தது.

கல்யாணமான புதிதில் எங்கள் மனைக்கு வேலியே கிடையாது. நான் எதை நட்டாலும் தெரு ஆடுகள் மேய்ந்துவிடும். ஒருமுறை கொடியில் காய்ந்த ரவிக்கையைக்கூட மென்றுவிட்டன. நான் அழுததைப் பார்த்துச் சிரித்த என் வீட்டுக்காரர், மறுநாள் சைக்கிள் நிறையக் களாக்கன்றுகளோடு வந்தார்.

"வளந்துச்சுன்னா முள்ளுக்குப் பயந்து ஆடு மூக்கைக்கூட நுழைக்காது."

"அதுவரைக்கும் இன்னா பண்றது?"

"நீதான் காவல்."

விளையாட்டுப் பேச்சு பலித்துவிட்டது. கன்றுகள் வேர் பிடிப்பதற்குள் அவருக்குக் குவைத் விசா வந்தது. பிள்ளை வயிற்றோடு நான் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தேன்.

தெருமுனையில் பாத்திமா அக்கா கடையில்தான் போன் இருந்தது. "உன் வூட்டுக்காரரு லைன்ல இருக்காரும்மா" என்று ஆள் வந்தால் ஓடுவேன். சாமான் வாங்க நாலு பேர் நிற்கிற இடத்தில் மனதில் இருப்பதையா பேச முடியும்?

"செடி எம்மாத்தம் இருக்குது?" என்பார்.

"முட்டி ஒசரம்."

அடுத்த வருஷம் இடுப்பு, அப்புறம் தோள். நாங்கள் வேலியைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று எல்லோரும் நினைத்தார்கள். பாத்திமா அக்கா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அரிசி அளப்பார்.

ஒரு மத்தியானம் வடகம் பிழிந்துகொண்டிருந்தேன். மகள் ஓடி வந்தாள். "அம்மா, வேலிக்கு அந்தாண்ட யாரோ நிக்கிறாங்க."

போய்ப் பார்த்தால் இலைகளுக்கு நடுவே ஒரு சட்டை. "வூடு தெரியுது, வழி எங்கடி?" என்றது அவர் குரல். ஆடுகளுக்குப் பயந்து தெருப்பக்க வழியை அடைத்து, சந்துப் பக்கம் படல் வைத்திருந்தேன். அத்தனை போனிலும் அதை மட்டும் சொல்லவில்லை.

சுற்றி ஓடிப்போய்ப் படலைத் திறக்க வேண்டியதுதானே? எனக்குத் தோன்றவில்லை. முள்ளுக்குள் கையை நீட்டினேன். அவரும் நீட்டினார். விரல்கள் பட்டன. இரண்டு பேர் கையும் கீறி, களாச்செடியின் பால் ஒட்டிப் பிசுபிசுத்தது. "யாரும்மா?" என்று மகள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

அதன் பிறகு அவர் திரும்பிப் போகவில்லை. மழை ஓய்ந்ததும் தெருப்பக்கம் நின்று வேலியைக் கத்தரிப்பார். நான் உள்ளே சமைத்தபடியே பேசுவேன். முகம் பார்க்காமல் பேசுவதில்தான் எங்களுக்குப் பழக்கம் அதிகம்.

அவர் காலமாகி, தெருவும் அகலமானபோது மகள் வேலியை எடுத்துவிட்டுச் சுவர் வைத்தாள். பேத்தி கண்ணில் முள் பட்டுவிடுமே என்ற பயம், நியாயம்தான். தெருவில் இப்போது ஆடு வளர்ப்பவர்களும் இல்லை. நல்ல உயரமான சுவர். அந்தப் பக்கம் யார் வந்து நின்றாலும் அடுப்படியில் இருக்கிற எனக்குத் தெரிவதில்லை.