நாலு கதவுக்கும் ஞானத்தாய்

மிண்டா தன் சொந்த ஊரான இமுஸுக்கு ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. முழங்கால் இரண்டும் போயிருந்தன. ஹாங்காங்கில் இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் வீட்டில் சமைத்து, துவைத்து, அடுத்தவர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டுச் சம்பாதித்ததெல்லாம் சந்தைக்குப் பின்னால் நாலு கதவாக நின்றது. எங்கள் பக்கம் வாடகைக்கு விடும் வீட்டைக் கதவுக் கணக்கில்தான் சொல்வோம். ஒரு கதவுக்கு ஒரு குடும்பம். நாலு கதவுக்காரி என்றால் சந்தையில் மீன் விற்பவள்கூட மரியாதையாகப் பேசுவாள். ஆனால் என்ன பிரயோஜனம், அந்தப் பாவி மகள் தலை சாய்க்க நாலில் ஒன்றுகூடக் காலி இல்லை. தம்பி எர்னிங் வீட்டு மாடியில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை படிக்கட்டில் முனகிக்கொண்டே ஏறி இறங்கினாள்.

அவள் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளேயிருந்து தாழ் போட ஒரு கதவு, அவ்வளவுதான். ஹாங்காங்கில் கடைசியாக வேலை செய்த வீட்டில், துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் மடக்குக் கட்டில் போட்டுப் பதினோரு வருஷம் தூங்கினாள். அந்த இடத்துக்குக் கதவு கிடையாது. தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் அவள் காலைத் தாண்டிக்கொண்டு போவார்கள். 'ஊருக்குப் போய் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு ஒரு பகல் முழுக்கத் தூங்க வேண்டும்' என்று நினைத்து நினைத்துத்தான் மாதாமாதம் சிமெண்டுக்குப் பணம் அனுப்பினாள்.

கட்டிய விதத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. கதவுக்கு ஒரு கரண்ட் மீட்டர். ஒரே மீட்டர் வைத்துவிட்டு, யார் வீட்டு ஃபேன் எவ்வளவு நேரம் ஓடியது என்று மாதாமாதம் மல்லுக்கு நிற்கும் வீட்டுக்காரர்களை அவள் பார்த்திருக்கிறாள். கழிப்பறைகளைப் பின்பக்கம் ஒரே வரிசையில் வைத்தாள், குழாய் அடைத்தால் ஒரே இடத்தில் தோண்டினால் போதும் என்று. மழைக்குத் தண்ணீர் ஏறும் இடம் என்பதால் தரையை மூன்று படி உயர்த்தினாள். வருகிறவர்களிடம் ஒரு மாத வாடகை முன்கூட்டியே, இரண்டு மாதத்து அட்வான்ஸ் தனி. வருஷா வருஷம் புதிதாக எழுதிக் கையெழுத்து. இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் பக்கத்துத் தெரு ஆலிங் பஸ்யாங். வயதில் மூத்தவளை ஆலிங் போட்டுத்தான் எங்கள் பக்கம் கூப்பிடுவோம். அவள் பன்னிரண்டு கதவுக்காரி. வாய்தான் கொஞ்சம் நீளம்.

ஆலிங் பஸ்யாங் சொன்னதில் ஒன்றை மட்டும் மிண்டா கேட்கவில்லை. குடியிருப்பவள் பிள்ளைக்கு ஞானத்தாயாக நிற்காதே என்பதுதான் அது.

எப்படிக் கேட்பாள்? இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வருவாள். வரும்போதெல்லாம் ஏதோ ஒரு கதவில் ஒரு கைக்குழந்தை அவளுக்காகவே காத்திருக்கும். ஞானஸ்நானத்துக்கு நில் என்று ஒரு தாய் கேட்டு, மாட்டேன் என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள் எங்கள் ஜனங்கள். அந்தப் பாவம் நமக்கு எதற்கு என்று மிண்டாவும் மாதா கோயிலில் போய் நின்று மெழுகுவர்த்தியைப் பிடித்தாள். பிடித்தாளோ இல்லையோ, அதன் பிறகு அவர்கள் வீட்டுக்காரியும் குடித்தனக்காரியும் இல்லை. இவள் அவளுக்கு மாரே, அவள் இவளுக்கு மாரே; பெற்றவளும் ஞானத்தாயும் ஒருவரையொருவர் அப்படித்தான் உறவு சொல்லிக் கூப்பிடுவார்கள். மாரேயிடம் வாடகையை உயர்த்த முடியுமா? காலி செய் என்று சொல்லத்தான் வாய் வருமா? இப்படியே நாலு கதவுக்கும் ஞானத்தாயாகிவிட்டாள்.

மார்ச் மாதம் ஆலிங் பஸ்யாங் அவளைச் சந்தையில் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி, இன்னும் எர்னிங் வீட்டு மாடியிலதான் நொண்டிட்டுத் திரியறியா?"

"என்ன பண்றது ஆலிங் பஸ்யாங்? நாலு பேரும் மாரே ஆச்சே."

"நான் அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். என் பன்னெண்டு கதவுல எத்தன பிள்ளைங்க பொறந்திருக்கு தெரியுமா? எவளாவது ஞானஸ்நானத்துக்கு நாள் பாக்கறான்னு காதுல விழுந்தாப் போதும், எனக்கு வெளியூர்ல ஒரு சாவு வந்துரும். அவ கேக்கறதுக்குள்ள பஸ் ஏறிருவேன்."

"அத்தன சொந்தமா உங்களுக்கு?"

"இருக்கறவங்களையே ரெண்டு மூணு தடவ சாகடிச்சிருக்கேன். அத விடு. முதல் கதவுல இருக்கறவளுக்கு எழுத்து எப்ப முடியுது?"

"ஜூன் முதல் வாரம்."

"நேராப் போ. ஒரு மாசத்துக்கு மேலயே டைம் கொடுத்து, எழுதிக் கையில கொடு. வாசல்லயே நில்லு, உள்ள போய் உக்காராத. முக்கியமா சாப்பிட்டுறாத. வாயில சோறு இருந்தா பேச்சு வராது."

முதல் கதவில் இருந்தவள் ரோவெனா. ஜன்னலில் சின்னதாக ஒரு பெட்டிக்கடை போட்டிருந்தாள். புருஷன் நாலு வருஷத்துக்கு முன்னால் வேறொருத்தியோடு போய்விட்டான். அய்ரா என்று ஏழு வயதில் ஒரு மகள். மிண்டாவின் முதல் ஞானப்பிள்ளை அவள்தான்.

முதல் தடவை மிண்டா போனபோது ரோவெனா பான்சித் நூடுல்ஸ் தட்டை நீட்டினாள். இரண்டாம் தடவை புளிக்குழம்பில் மீன். மூன்றாம் தடவை, சாப்பிட மாட்டேன் என்று மிண்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டதற்கு, ஐயோ மாரேக்கு வயிறு சரியில்லையா என்று இஞ்சி போட்டுக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். மூன்று தடவையும் மிண்டா கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். மாடிப்படியில் ஏறும்போது தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

நாலாம் தடவை செருப்பைக் கழற்றவில்லை. படியிலேயே நின்றாள்.

"ரோவெனா, எனக்கு இந்தக் கதவு வேணும். என்னால மாடி ஏற முடியல. ஜூன்ல எழுத்து முடியுது, நான் புதுசா எழுதல. இந்தா லெட்டர்."

ரோவெனா லெட்டரை வாங்கவில்லை. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"அப்பாடா! மூணு தடவையும் என் விஷயத்தச் சொல்ல வாய் வராமத்தான் உங்களுக்குச் சோறு போட்டுட்டிருந்தேன் மாரே. எனக்கு ஹாங்காங் விசா வந்துருச்சு. ஜூன் பத்தாம் தேதி ஃப்ளைட். கதவை எடுத்துக்குங்க. ஆனா அய்ராவையும் சேத்து எடுத்துக்குங்க."

"என்னது?"

"எங்கம்மா போய்ச் சேந்துட்டா. அந்த ஆளு எங்க இருக்கான்னே தெரியாது. ஞானத்தாய்னா ரெண்டாவது தாய்னு, அன்னிக்கு மெழுகுவத்தியக் கையில கொடுக்கறப்பவே ஃபாதர் சொன்னாரே."

"சொன்னாருடி, சொன்னாரு! அன்னிக்கு எனக்கு முட்டி நல்லா இருந்துச்சு!" மிண்டா கத்தியே விட்டாள். "இருபத்திரெண்டு வருஷம் ஊரான் பிள்ளைக்கெல்லாம் ஊட்டி விட்டுட்டு வந்திருக்கேன். அலுத்துப் போச்சு ரோவெனா, உடம்பெல்லாம் அலுத்துப் போச்சு. எனக்குப் பிள்ளை வேணாம். நான் கேட்டது கதவு!"

கடை ஜன்னலில் அய்ரா மிட்டாய்ப் புட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

மிண்டா அந்தப் பிள்ளையின் முதுகைப் பார்த்தாள். தான் கட்டிய படியில் தானே உட்கார்ந்தாள். பிறகு ரோவெனாவிடம் கேட்டாள்.

"ஹாங்காங்ல நீ போற வீட்ல எத்தன பிள்ளைங்க?"

"ரெண்டு. படுத்த படுக்கையா ஒரு பாட்டியும்."

"குனிஞ்சு தரை துடைக்காத. குச்சி வச்ச மாப் வாங்கித் தரச் சொல்லு. முட்டி போனா வராது."

லெட்டரை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

ரோவெனா ஃப்ளைட் ஏறிய மறுநாள், ஜூன் பதினோராம் தேதி காலையில் எர்னிங் அவள் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினான். அய்ரா பள்ளிக்கூடம் போயிருந்தாள். மிண்டா மத்தியானம் வரை அறையைப் பெருக்கினாள், கட்டிலுக்கு விரிப்புப் போட்டாள், பிறகு கதவைச் சாத்தி உள்ளேயிருந்து தாழைத் தள்ளினாள். சத்தம் நன்றாகத்தான் இருந்தது. கட்டிலில் நீட்டிப் படுத்தாள். கண் சொருகிக்கொண்டு வந்தது.

அதற்குள் பள்ளிக்கூடம் விட்டுவிட்டது; படபடவென்று கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"நினாங்! நினாங்! ஏன் தாழ் போட்டுட்டீங்க? அம்மா பகல்ல தாழே போட மாட்டாங்க!"

ஞானத்தாயை நினாங் என்றுதான் பிள்ளைகள் கூப்பிடும். மிண்டா கட்டிலைப் பிடித்துக்கொண்டு, ஆண்டவரே என்று எழுந்து போய்த் திறந்தாள். அய்ரா பையோடு உள்ளே வந்தாள். கட்டிலைப் பார்த்தாள், பெட்டிகளைப் பார்த்தாள்.

"நினாங், அம்மா அங்க எங்க தூங்குவாங்க?"

மிண்டா கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தாள்.

"நல்ல ரூம்தான்."

"கதவு இருக்குமா?"

"இருக்கும். உள்ள தாழ்ப்பாள்கூட இருக்கும்."

"யாரும் எழுப்ப மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப சரி" என்று அய்ரா பையை இறக்கி வைத்தாள். பசிக்கிறது என்றாள். மிண்டா அரிசியைக் களைய எடுத்துக்கொண்டு போனாள்.