சுவரில் ஓடிய கைகள்

என் பெரியம்மா சூசைமேரி பதினான்கு வருடம் இத்தாலியில் இருந்தார். மடத்தில் இருந்தார் என்றே ஆவூரில் பாதிப்பேர் நினைத்தார்கள். அவர் யாரையும் திருத்தவில்லை. உண்மையில் ஓர் ஏரிக்கரைச் சிற்றூரில், நடக்க முடியாத லூசியா என்ற அம்மாளைக் குளிப்பாட்டி, சமைத்துப்போட்டுப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. லூசியா வாய் ஓயாமல் திட்டுவாராம். அந்தத் திட்டுக்குப் பயந்தே பெரியம்மாவுக்குக் கை பழகியது. பரங்கிக்காயைச் சுட்டு மசித்து, முட்டை சேர்த்த மாவுக்குள் வைத்து மூடும் தொர்தெல்லியை லூசியா வீட்டில் அவரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது என்ற நிலை வந்தது.

லூசியா இறந்தபின் அவருடைய மகள் தன் மாமியாரைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டாள். இரண்டு மாதம் ஊரில் இருந்துவிட்டு வருவதாகச் சொல்லித்தான் பெரியம்மா வந்தார்.

வந்த இடத்தில் ஜஸ்டின் பிடித்துக்கொண்டான். பெரியம்மாவின் செத்துப்போன அண்ணன் மகன். அவனுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்று மெழுகுதிரி பிடித்தவரும் அவர்தான். துபாய் ஹோட்டலில் பரிமாறும் வேலை பார்த்துத் திரும்பியவன், திருச்சிக்காரர் ஒருவரோடு கூட்டு சேர்ந்து கீரனூருக்குப் பக்கத்தில் பெரிய குளத்தின் கரையில் இத்தாலிய உணவகம் கட்டிக்கொண்டிருந்தான்.

“அத்த, கிச்சன் ஒங்களோடது. நீங்கதான் செஃப். இன்னும் அங்க போயி யாருக்கோ பீ, மூத்திரம் அள்ளணுமா?”

பெரியம்மா அழுதுவிட்டார். லூசியாவின் மகள் இரண்டு தடவை போன் செய்தாள். “எம் மருமகன் கடை வைக்கிறான், நான் இல்லாம ஆகாதுன்னு சொல்லிட்டேன்” என்றார் என்னிடம். ஆகஸ்டில் அந்த நாட்டு அனுமதி அட்டை காலாவதியானது. புதுப்பிக்க அவர் போகவில்லை.

நம் ஊர்ப் பரங்கியில் தண்ணீர் அதிகம். பூரணம் கசிந்து மாவைக் கிழித்தது. ஆறு வாரம் போராடி, மசித்ததை வெள்ளை வேட்டித் துணியில் கட்டி ஒரு ராத்திரி தொங்கவிட்டால் சரியாக வருகிறது என்று கண்டுபிடித்தார். அன்று ஜஸ்டின் வந்து, அவர் மாவு பிசைவதை வீடியோ எடுக்கப் போனைத் தூக்கினான். பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

“மூஞ்சி வேணாம் அத்த. கை மட்டும் காட்டுங்க. ஒரு ஞாபகத்துக்கு.”

திறப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. ‘வந்திருங்க’ என்று மட்டும் சொல்லியிருந்தான். முதல் பூசை முடிந்ததும் பெரியம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். இத்தாலியிலிருந்து கொண்டுவந்த மாவுக் கட்டையைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார். நம் சப்பாத்திக் கட்டையைப் போல மூன்று மடங்கு நீளம்.

“யார சாத்தப் போறீங்க, ஆத்தா?” என்றார் கண்டக்டர்.

“சமைக்கப் போறேன்ப்பா” என்றார் பெரியம்மா, சிரித்துக்கொண்டே.

வாசலில் நின்ற பெண் எந்தப் பெயரில் புக்கிங் என்று கேட்டாள். பெரியம்மா சமைக்க வந்ததாகச் சொன்னார். அவள் உள்ளே போய்த் திரும்பினாள். “சார் உங்கள கெஸ்ட் டேபிள்ல உக்காரச் சொன்னாங்க மேம்.”

பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்திருந்தோம். கண்ணாடிக்கு வெளியே குளம் நிறைந்திருந்தது. திருச்சியிலிருந்து கார்கள் வந்தபடி இருந்தன. பரிமாறுகிறவர்கள் சமையலறைக் கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் உள்ளே வரிசையாக வெள்ளைத் துணி மூட்டைகள் தொங்குவது தெரிந்தது. பெரியம்மா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெனு அட்டையில் உணவின் இத்தாலியப் பெயர்களை அவரே வாசித்தார். கீழே ஆங்கிலத்தில் இருந்ததை என்னை வாசிக்கச் சொன்னார். இத்தாலியில் லூசியா என்ற சீமாட்டியின் சமையலறையில் எங்கள் நிறுவனர் ஜஸ்டின் ஏழு ஆண்டுகள் தங்கிக் கற்றுக்கொண்ட ரகசியங்கள் என்று போட்டிருந்தது. நான் பாதியில் நிறுத்தினேன்.

“முழுசா வாசி, சோபியா.”

வாசித்தேன். அப்போதுதான் எதிர்ச் சுவரில் இருந்த பெரிய திரையில் கறுப்பு வெள்ளைப் படம் ஓடத் தொடங்கியது. இரண்டு கைகள் மாவு பிசைந்தன. முகம் இல்லை. அடியில் லூசியாவின் பெயர் வந்தது. வலது கை விரலில் சின்னச் சிலுவை வைத்த செபமாலை மோதிரம் இருந்தது. பெரியம்மா அதே மோதிரத்தோடு மேஜைமேல் இருந்த தன் கையை மடிக்கு இறக்கிக்கொண்டார்.

தொர்தெல்லி வந்தது. பெரிய தட்டில் ஐந்தே ஐந்து. ஒன்றை வெட்டி வாயில் வைத்து மெதுவாக மென்றார். நன்றாக இல்லை என்று சொல்லிவிட மாட்டாரா என்று நான் காத்திருந்தேன்.

“சரியாத்தான் இருக்கு” என்றார். மீதியைத் தொடவில்லை.

ஜஸ்டின் கோட்டு போட்டுக்கொண்டு வந்தான். “எப்படி அத்த?”

“அது யாரு கைடா?”

அவன் திரும்பிப் பார்த்தான். “சும்மா டிஸ்ப்ளேக்கு அத்த. பார்ட்னரோட ஐடியா. ஆவூர் சூசைமேரி செஞ்சதுன்னு போட்டா, திருச்சிக்காரன் இங்க வந்து இந்த ரேட்டுக்குத் திம்பானா? நீங்களே சொல்லுங்க.”

“எனக்குக் கிச்சன்னு சொன்னியே.”

“வாங்க, யாரு வேணாங்கிறா? சென்னையிலேருந்து செஃப் போட்டிருக்கோம். நீங்க வெள்ளன அஞ்சு மணிக்கு வந்து மாவு மட்டும் பெசஞ்சு குடுத்துட்டு, கெஸ்ட் வாரதுக்கு முன்னாடி போயிரலாம். பின்னாடி தனி வழி இருக்கு. வண்டி அனுப்புறேன்.” குரலைத் தாழ்த்திக்கொண்டான். “அந்தக் கட்டைய மட்டும் குடுத்துட்டுப் போங்க அத்த. அங்கிட்டு செவுத்துல மாட்டினா லட்சணமா இருக்கும்.”

பெரியம்மா துண்டை அவிழ்க்கவில்லை. கட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் விடியுமுன் எங்கள் வீட்டு வாசலில் ஜஸ்டின் அனுப்பிய வண்டி இரண்டு முறை ஹாரன் அடித்தது. பெரியம்மா விழித்துத்தான் கிடந்தார். நானும்தான். யாரும் எழவில்லை. அன்று மாலை அவர் லூசியாவின் மகளுக்குப் போன் செய்தார். அங்கே வேறு ஒருத்தி சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

இப்போது அவர் பக்கத்து ஊர்ப் பள்ளி விடுதியில் இருநூறு பிள்ளைகளுக்கு உப்புமா கிண்டுகிறார். விரலில் மோதிரம் இல்லை. வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதா என்று கேட்டேன்.

“அதுதான் அங்க செவுத்துல ஓடிக்கிட்டு இருக்கே” என்றார்.