பின்கட்டிலில் ஏறிய பாரம்

இந்தக் காலத்து ஆட்கள் திரைச்சீலையின் நிறம் பார்த்துக் கரவன், அதுதான் காரில் கொழுவி இழுக்கிற வீட்டு வண்டி, வாங்குகிறார்கள். கார் எவ்வளவு இழுக்கும் என்று ஒருத்தனும் கேட்பதில்லை. என் மருமகன் றொய்ஸ்டனும் அதே ரகம்தான். நான் மன்னாரில் முப்பது வருஷம் லொறி ஓட்டிவிட்டு இந்த வெளிநாட்டுக்கு வந்தவன். படிப்பில்லை. பொய்யும் இல்லை. இது நடந்தது.

1996 ஜூலை, சனிக்கிழமை. ஒடாஹுஹு என்கிற ஊரில் சோதிலிங்கம் என்பவனிடம் மலிவாக வாங்கின சின்னக் கரவன். முன்ஜன்னலில் மட்டும் கண்ணாடி புதுசு. ஏனென்று கேட்டேன். அவன் வேறு பக்கம் பார்த்தான்.

பாபகூராவில் ஞானஸ்நான விருந்து. சோற்றுக் கிடாரம், அரிசி மூட்டை எல்லாவற்றையும் றொய்ஸ்டன் பின்கட்டிலில் அடுக்கியிருந்தான்.

"பின்பாரம் கூடினா வால் ஆட்டும், விசரா!"

எல்லாவற்றையும் சில்லுக்கு மேலே மாற்றினேன். காரில் கொழுவுகிற முன் நுனியைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு கையும் வேண்டியிருந்தது. சரியான பாரம்.

காரின் பின்சீட்டு முழுக்கப் பலகாரத் தட்டு.

"மாமா, ஜனுஷா கரவன் கட்டில்ல இருக்கட்டும். இருபது நிமிசம்தானே."

"உன்ர பலகாரம் இருக்கட்டும் அங்க!"

தட்டுகளைக் கரவனுக்கு மாற்றிவிட்டுப் பேத்தியைக் காரில் ஏற்றினேன்.

றொய்ஸ்டன் ஓட்ட, 5.10க்குப் புறப்பட்டோம். 5.27க்குக் கரவன் வால் ஆட்டியது.

"பிறேக் பிடியாதை! காலை எடு!"

மெல்ல ஓரங்கட்டினோம். இந்த நாட்டில் ஜூலை குளிர்காலம்; அதற்குள் இருட்டிவிட்டது. கதவைத் திறந்து டோர்ச் அடித்தேன். சாமான் வைத்த இடத்திலேயே இருந்தது. பின்கட்டில் மெத்தை மட்டும்... நடுவில் குழிந்திருந்தது.

பாரம் பார்க்கக் கொழுக்கிப் பூட்டைக் கழற்றினேன்.

பின்னுக்குப் பாரம் ஏறினதுபோல, நுனி தானே மேலே எழும்பியது.

உள்ளே... டக்... டக்... முன்னுக்கு வந்தது.

நுனி தொப்பென்று விழுந்தது.

"அம்மப்பா, ஹூ இஸ் தட்?" காருக்குள்ளிருந்து ஜனுஷா.

புதுக் கண்ணாடியில், உள்ளிருந்து, இரண்டு கை.

தட்... தட்...

5.34.

கரவனை அங்கேயே விட்டுப் போனோம். அன்றிரவே றொய்ஸ்டன் ஆள் பிடித்துச் சாமானை இறக்கினான். மறுநாள் மத்தியானம் சோதிலிங்கத்தை அந்த இடத்துக்கே கூட்டி வந்தேன். இடத்தைக் கண்டதும் அவனே சொன்னான்.

"கார் நிறைஞ்சு போச்சு, ஐயா. மாமியைப் பின்கட்டில்ல இருத்தினனான். வால் ஆட்டியிருக்கு. மனிசி முன்னுக்குத் தவண்டு வந்து கண்ணாடியில அடிச்சிருக்கு. நாங்க பாட்டுப் போட்டிருந்தம். கேக்கேல்ல. இந்த இடத்திலதான் பிரண்டது. மனிசி உள்ளுக்கையே செத்துப் போச்சு."

"அப்ப பேயோ, மாமா?" என்றான் றொய்ஸ்டன்.

"பேயுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. மாமியைச் சாமானோட ஏத்தினவன் சொல்லுறான், நீ நம்பு."

கரவன் சாவியைச் சோதிலிங்கத்தின் காலடியில் போட்டுவிட்டு ரெயில் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

பின்னால், கரவனைக் காரில் கொழுவப் பார்த்த றொய்ஸ்டன் மூச்சு வாங்குவது கேட்டது. "மாமா... வெறும் கரவன். நுனி அசையுதில்லை!"

"குனிஞ்சு தூக்கடா," என்றேன், திரும்பாமல்.