யன்னலோரக் கதிரை: ஹுன்னஸ்கிரியவில் இரண்டு இரவுகள்

போன மாதம் பௌர்ணமிப் போயா விடுமுறை வெள்ளிக்கிழமையில் விழுந்தது. அதற்கு இரண்டு கிழமை முன்பே என் மகள் ஆரணி ஒரு தாளில் சட்டம் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டாள். அம்மா மூன்று நாளைக்குச் சமைக்கக் கூடாது, உடுப்புத் தோய்க்கக் கூடாது, கந்தோர் போன் எடுக்கக் கூடாது. சாப்பிடலாம், வாசிக்கலாம், நித்திரை கொள்ளலாம். அவளுக்குப் பதின்மூன்று வயது. எனக்கு நாற்பத்தெட்டு. இப்படி ஒரு சட்டத்துக்குக் கீழே வாழ எனக்கு நெடுநாள் ஆசை.

இடம் பிடித்தது கணவர் கரன். கண்டிக்குக் கிழக்கே ஹுன்னஸ்கிரியவில், தேயிலைக்கு நடுவே, ஒரு குடும்பம் தங்கள் வீட்டில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறது. இரண்டு இரவு, மூன்று பேருக்கு, எல்லாச் சாப்பாட்டோடும் 28,000 ரூபா. முதலில் அறை இல்லை என்றார்களாம். எத்தனை பேர், பிள்ளைக்கு எத்தனை வயது என்று பேச்சு வந்தபோது கரன் எங்கள் மூவரின் படம் ஒன்றை வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். பத்து நிமிசத்தில் அறை இருக்கிறது, வாங்க என்று பதில் வந்ததாம். அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தோம்.

கொழும்புக் கோட்டையிலிருந்து காலை ஏழு மணி இன்டர்சிட்டி. கடுகண்ணாவை ஏற்றத்தில் ரயில் மூச்சு வாங்கும்போது வலது பக்க யன்னல் கிடைத்தால் பாக்கியம். எங்களுக்கு இடது பக்கம் கிடைத்தது, பாறையைப் பார்த்துக்கொண்டு போனோம். பத்து மணிக்குச் சற்று முன் கண்டி. சந்தைக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் கடையில் ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டுவிட்டு, குட்ஷெட் தரிப்பிடத்தில் மஹியங்கனை பஸ் ஏறினோம். தெல்தெனிய தாண்டியதும் பாதை ஏறத் தொடங்கும். ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர்தான், ஆனால் ஒன்றே முக்கால் மணித்தியாலம் பிடித்தது. வயிறு குழம்புகிறவர்கள் முன் சீற்றில் இருங்கள்.

ஹுன்னஸ்கிரிய சந்தியில் இறங்கும்போது ஒரு மணி இருக்கும். அங்கிருந்து வீட்டுக்கு நாலு கிலோமீட்டர், ஆட்டோ 700 ரூபா. ஓட்டியவர் நடுத்தர வயதுத் தமிழர். கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். முதல் வளைவு தாண்டியதும் எப்போது வந்தீர்கள் என்று கேட்டார். இப்பதான், கண்டி பஸ்ஸில், என்றேன்.

“அது தெரியும். திரும்பி எப்ப வந்தீங்கன்னு கேட்டேன்.”

நான் இந்தப் பக்கம் வருவதே முதல் தரம் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைத் திருப்பிவிட்டார். காசை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவுமில்லை. ஆளை மாறி நினைத்துவிட்டார் என்று கரன் சிரித்தார்.

வீடு பச்சைத் தகரக் கூரை போட்ட நீள வீடு. முன்னால் சிமெந்துப் படி, படிக்குக் கீழே இருந்தே தேயிலை. வீட்டை நடத்துகிறவள் சுகந்தி, முப்பது வயது இருக்கும். அவள் கணவருக்குத் திகனயில் வேலை, அந்தக் கிழமை வரவில்லை. அவளுடைய அப்பா முன்பு தோட்டத்துக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். சீனி வருத்தத்தால் கண் பார்வை மங்கிவிட்டது, ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. அவர் விறாந்தைக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் படியேறும்போது தலையைத் திருப்பி, என் நடை முடியும் வரைக்கும் காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

மண்டபத்தில் யன்னலோரம் ஒரு பிரம்புக் கதிரை. முதுகில் மண்ணிறச் சால்வை. பக்கத்து முக்காலியில் அட்டை கிழிந்த ஒரு நாவல், நடுவில் பஸ் டிக்கட் ஒன்று அடையாளமாக. கதிரைக்கு மேலே சுவரில் ஆணி ஒன்றும், அதைச் சுற்றி மற்றச் சுவரை விட வெளுத்த ஒரு சதுரமும். வாசிக்க இதைவிட நல்ல இடம் இல்லை என்று சொல்லி நான் போய் அதில் இருந்தேன். சுகந்தி அடுப்படி வாசலில் அப்படியே நின்றாள்.

தேத்தண்ணி வந்தது. இஞ்சி தட்டிப் போட்டு, சீனி இல்லாமல், தட்டில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. நான் வீட்டில் குடிப்பது அப்படித்தான். கரன் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். இரவு கேட்டபோது தான் ஒன்றுமே சொல்லவில்லை என்றார்.

சாப்பாட்டைப் பற்றி எழுதாவிட்டால் பாவம். வெள்ளி இரவு தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும். சனி காலை பால்சோறு. மதியம் சிவப்பரிசிச் சோறு, இளம் பலாக்காய்க் கறி, வல்லாரைச் சம்பல், நெத்தலிப் பொரியல், கடைசியில் எருமைத் தயிரும் கித்துள் பாணியும். என் சாப்பாட்டுக் கோப்பையில் மட்டும் சோற்றின் அடிக்கருகல் ஒரு கரண்டி வைத்திருந்தார்கள். எனக்கு அது விருப்பம் என்று என் சொந்த அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். நான் ருசித்துச் சாப்பிட்டேன், பொய் சொல்லவில்லை. ஆனால் நிமிர்ந்தபோது சுகந்தி நான் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா தன் கோப்பையைத் தொடாமல் காத்திருந்தார். நான் எழும்பின பிறகுதான் சாப்பிட்டார்.

சனி காலையில் ஆரணி எனக்குத் தலைக்கு எண்ணெய் வைத்தாள், கரன் கால் அமுக்கிவிட்டார், நான் கொண்டுபோன புத்தகத்தில் அறுபது பக்கம் ஓடியது. சின்னக் குளிர் அடித்தபோது எதிரில் இருந்து சுகந்தியின் அப்பா, அந்த ஐயா, குரல் கொடுத்தார்: “குளிருது. போத்திக்க.” என் பிள்ளையும் கணவரும் இருக்க, முன்பின் தெரியாத ஒருவர் என்னோடு ‘நீ’ போட்டுப் பேசியது எங்கோ உறுத்தியது. வயதானவர்தானே என்று சால்வையைப் போர்த்திக்கொண்டேன். அது என் தோளுக்கு அளவாக இருந்தது.

அன்று பின்னேரம் நாலு மணிக்கு மூட்டம் இறங்கியது. இந்த மலையில் மூட்டம் மேலிருந்து வராது, பள்ளத்தில் இருந்து ஏறி வரும். முதலில் கீழ்த் தேயிலை போனது, பிறகு சவுக்கு மரங்கள், பிறகு படி. கரன் போனுக்கு ரீலோட் போடச் சந்திக்குப் போயிருந்தார். ஐயா உள்ளறையில் படுத்திருந்தார். நான் வாசித்துக்கொண்டிருந்தேன். வெளியே, சற்றுத் தூரத்தில், “அம்மா” என்று ஒரு பெண் குரல் கேட்டது. ஒரே ஒரு தரம்.

ஆரணி என்றுதான் நினைத்தேன். சால்வையோடே படியிறங்கினேன். தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. முப்பது அடி நடந்து திரும்பிப் பார்த்தேன், வீடு இல்லை. என் கையை நீட்டினால் விரல் நுனி மங்கலாகத் தெரிந்தது. ஈரத்தில் சத்தமெல்லாம் அமுங்கிப்போய், என் மூச்சு மட்டும் காதுக்குள் கேட்டது. அப்போதுதான் ஞாபகம் வந்தது: ஆரணி அறைக்குள் நித்திரை. நான்தான் போர்வையை இழுத்துவிட்டேன்.

திரும்பவும் அந்தக் குரல். “அம்மா.”

பிள்ளை பெற்றவளுக்கு இதில் யோசிக்க நேரம் இல்லை, வாய் தானாகப் பதில் சொல்லிவிடும். “வாறன், வாறன்” என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். பாதை ஒரு வளைவில் முடிந்தது. அதற்கு அப்பால் தரை இல்லை. விளிம்பில், பள்ளத்தைப் பார்த்தபடி சுகந்தி நின்றாள். என் குரலைக் கேட்டுத் திரும்பினாள். மூட்டத்துக்குள் இருந்து சால்வையோடு நான் வருகிறேன்.  அவள் அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்தாள். நான் பதறிக் கிட்டப் போய்த் தூக்கப் பார்த்தபோது சால்வையின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். விரலைப் பிரிக்க முடியவில்லை.

அங்கேயே வைத்துத்தான் சொன்னாள். நாலு வருசத்துக்கு முன், இப்படி ஒரு மூட்டமான பின்னேரம், அவள் அம்மா வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்தை முக்காலியில் வைத்துவிட்டு வெளியே போனார். யாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. பொலிசும் தோட்டத்து ஆட்களும் எட்டு நாள் பள்ளம் முழுக்கத் தேடினார்கள். ஒரு செருப்புக்கூடக் கிடைக்கவில்லை. அதனால் வீட்டில் திவசமும் இல்லை, படத்துக்கு மாலையும் இல்லை. சுகந்தி தினமும் நாலு மணிக்கு இந்த வளைவுக்கு வந்து இரண்டு தரம் கூப்பிடுவாள். நாலு வருசத்தில் அன்றைக்குத்தான் பதில் வந்தது.

வீட்டுக்குக் கூட்டிவந்து அலுமாரியைத் திறந்து அந்தப் படத்தைக் காட்டினாள். சுவரில் இருந்த வெளுத்த சதுரம் அதனுடையதுதான். அச்சு அசல் நான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நெற்றி, வகிட்டில் ஒரு பக்கம் மட்டும் நரை, கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்த விதம். என் அக்கா என்று சொன்னால் யாரும் நம்புவார்கள். கரன் அனுப்பிய படத்தைப் பார்த்த அன்றே இதைக் கழற்றி ஒளித்திருக்கிறாள். கறி, தேத்தண்ணி, அடிக்கருகல் எல்லாம் அவள் அம்மாவுக்குப் பிடித்தவை. அவை எனக்கும் பிடிக்கும் என்பது அவளுக்குத் தெரியாது. அது எப்படி என்று எனக்கு இன்னும் தெரியாது.

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாளாக என்னை ஆசையாகக் கவனிக்கிறார்கள் என்று உருகிக்கொண்டிருந்தேன், அது வேறொருத்திக்குப் போன கவனிப்பு. சந்தியில் இருந்து நடந்து வந்த கரன் உடனே கிளம்புவோம் என்றார். அந்த மூட்டத்தில் ஆட்டோ ஏறாது. விடியட்டும் என்று முடிவானது. ஆரணி என் கையை விடவே இல்லை. “அம்மா, இந்த ஆக்கள் உங்களை விடமாட்டினம்” என்று காதுக்குள் சொன்னாள்.

ஞாயிறு காலை வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. ஆட்டோ ஒன்பதுக்கு வரும். சுகந்தியின் கண் வீங்கியிருந்தது. ரொட்டி சுற்றித் தந்தாள், எதுவும் கேட்கவில்லை. ஐயா தன் இடத்தில் இருந்தார், முகம் அந்தக் கதிரையை நோக்கி. மனைவி தினமும் அவருக்கு வாசித்துக் காட்டுவாராம், கண் தெளிவாக இருந்த காலத்திலேயே. வாசிக்கச் சொல்லிக் கேட்டிருந்தால் ஒருவேளை மறுத்திருப்பேன். யாரும் கேட்காததால் என்னால் படியிறங்க முடியவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்து, அந்த அட்டை கிழிந்த புத்தகத்தை பஸ் டிக்கட் இருந்த பக்கத்தில் திறந்தேன்.

ஒரு குடும்பம் வீடு மாறிப் போகிற கட்டம். சட்டி பானையெல்லாம் வண்டியில் ஏறுகிறது. கொஞ்சம் மெதுவாக, என்று ஐயா ஒரு தரம் சொன்னார். மெதுவாக வாசித்தேன். ஆரணி முதலில் கதவடியில் நின்றாள், பிறகு வந்து என் காலடியில் உட்கார்ந்தாள். அடுப்படியில் ஒரு சத்தமும் இல்லை. அத்தியாயம் முடிய இருபது நிமிசம் ஆனது. கீழே ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. புத்தகத்தை மூடினேன். ஐயா சொன்னார்:

“சொல்லாமப் போயிறாத.”

கரன் என்னைப் பார்த்தார். வாசிக்கிறபோது நான் யாராகவும் இருந்திருக்கலாம். எழுத்துத் தமிழுக்கு ஊர் இல்லை. வாய் திறந்தால் நான் யாழ்ப்பாணத்தவள். ஆனாலும் எனக்குத் தெரிந்த பேச்சில்தானே நான் சொல்ல முடியும்.

“சொல்லிப்போட்டுத்தான் போறன், ஐயா. போட்டு வாறன்.”

 அவர் தலையை ஆட்டினார்.

“அவ என்னை ஐயான்னு கூப்பிட மாட்டா,” என்றார். “பரவாயில்ல. சொன்னீங்களே, அது போதும். நல்லபடியா போயிட்டு வாங்க.”

‘வாங்க’ என்றார். இரண்டு நாளில் முதல் தரம். படியிறங்கும்போதுதான் எனக்கு அது உறைத்தது. அவருக்கு எப்போது தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

கண்டிக்குப் பதினொன்றரைக்கு வந்தோம். ஆரணி குளத்தைச் சுற்றி என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். பின்னேரம் மூன்று மணி இன்டர்சிட்டியில் என் மடியில் தலை வைத்துப் படுத்தாள், பெரிய பிள்ளையான பிறகு முதல் தரம். கொண்டுபோன புத்தகம் பாதியில் நிற்கிறது. ஓய்வு கிடைத்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் என் சொந்த வீட்டில் நான் இருப்பது எத்தனை பேருக்கு வேண்டியிருக்கிறது என்று அந்தக் கதிரையில் இருந்தபடி ஒரு தரம் பார்த்துவிட்டு வந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: வீட்டின் பெயரைப் போடவில்லை, சுகந்தி அப்படிக் கேட்டுக்கொண்டாள். அந்தப் பக்கம் இப்படியான வீடுகள் வேறும் இருக்கின்றன, சந்தியில் கேட்டால் காட்டுவார்கள். தடித்த சுவெட்டர் ஒன்றும் நல்ல சப்பாத்தும் கட்டாயம். புல்லில் இரத்தம் குடிக்கும் அட்டை இருக்கிறது, சவர்க்காரத் துண்டு ஒன்று வைத்திருங்கள். போன் சிக்னல் படியில் மட்டும்தான். பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு மூட்டம் எந்த நேரமும் ஏறலாம், தெரியாத பாதையில் இறங்காதீர்கள். எந்தப் பக்கம் நடக்கப் போகிறீர்கள் என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டு இறங்குங்கள். நான் இப்போதெல்லாம் சந்திக்கடைக்குப் பாண் வாங்கப் போனாலும் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். ஆரணி போனில் இருந்து தலையை நிமிர்த்தி “ஓம்” என்று சொல்லும் வரைக்கும் வாசலில் நிற்கிறேன்.