இரைச்சலுக்குள் பேசியவை

ஈரோட்டில் காது மருத்துவர் என் தலையில் ஒரு கருவியை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். எனக்குக் கேட்டபோதெல்லாம் அழுத்தினேன். முடிவில் ஒரு தாளைக் காட்டினார். வலது காதுக்கான கோடு, ஏற்காட்டு மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத வண்டி மாதிரி சரசரவென்று இறங்கியிருந்தது.

"தறி ஓட்டறீங்களா?" என்றார்.

இல்லை, ரயில்வே அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறேன் என்றேன்.

"அப்புறம் எப்படிங்க இது?" என்று அந்த மனிதர் உண்மையிலேயே வியந்தார். பாட்டு கேட்பேன் என்றேன். பாட்டு கேட்டே இந்த நிலைமைக்கு வந்த ஒருவரை அவர் அதுவரை பார்த்ததில்லையாம். இடது காதும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது, உடனே நிறுத்துங்கள், வீட்டில் சொல்லிவிடுங்கள் என்றார். நிறுத்துவதையாவது செய்துவிடலாம். வீட்டில் சொல்வது எப்படி என்பதுதான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என்னை அரித்தது.

சேலத்தில் இல்லாத காது மருத்துவரா என்று நீங்கள் கேட்கலாம். மனைவிக்குத் தெரியக்கூடாது என்றுதான் அவ்வளவு தூரம் போனேன். அவள் பிறந்த பள்ளிபாளையம், ஈரோட்டுக்கு நேர் எதிரே, ஆற்றுப் பாலத்தின் அந்தப் பக்கம். அவளுடைய பாதி உறவுக்காரர்கள் தினமும் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் காய்கறி வாங்க வருகிறார்கள். ஒளிந்துகொள்ள நான் தேர்ந்தெடுத்த இடம் அது. என் சாமர்த்தியத்தின் அளவை இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

என்னிடம் நூற்றுச் சொச்சம் இசைத்தட்டுகள் இருக்கின்றன. ஒன்றில்கூடப் பாட்டு என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. இரும்புக் குழாயை இரும்புக் குழாயால் அடிப்பது, துளை போடும் கருவியைத் தகரத்தில் வைத்து அழுத்துவது, ரேடியோவில் ஸ்டேஷன் கிடைக்காதபோது வரும் சீறல், நடுவில் மயக்க ஊசி இல்லாமல் பல் பிடுங்கப்படுகிறவரைப் போல ஒருவர் கத்துவது, சரக்கு இவ்வளவுதான். எழுபதுகளின் கடைசியில் ஐரோப்பாவில் சில இளைஞர்கள் மூடிக் கிடந்த ஆலைகளுக்குள் நுழைந்து இதையெல்லாம் ஒலிப்பதிவு செய்தார்கள். தொழிற்சாலை இசை என்று பெயரும் வைத்தார்கள். சில தட்டுகளை முந்நூறு நானூறு மட்டுமே அச்சடித்தார்கள். அதற்கு மேல் வாங்க ஆள் இல்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். எங்களைப் போன்ற சேகரிப்பாளர்கள் அதை அரிய பதிப்பு என்போம்.

எனக்கு இந்த ரசனை வந்த கதை பெருமைப்படும்படி இல்லை. பெங்களூரில் வேலை தேடி அலைந்த நாட்களில், நடைபாதைக் கடையில் படமே இல்லாத வெள்ளை அட்டையில் ஒரு தட்டு கிடந்தது. பழைய இந்திப் படத்துத் தட்டாக இருக்கும், அட்டை மாறியிருக்கும் என்று வாங்கினேன். போட்டுப் பார்த்தால் மாவு மில்லுக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றார். கொடுத்த காசு வீணாகக்கூடாது என்று கேட்டேன். மறுபடி கேட்டேன். பத்தாவது தடவை அது எனக்குப் பிடித்துவிட்டது. பிறகு இணையம் வந்ததும் பைத்தியம் முற்றியது. பெல்ஜியத்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் சேலம் சூரமங்கலத்தில் இருக்கும் என் வீட்டுக்குத் தட்டையான பார்சல்கள் வர ஆரம்பித்தன. "இந்தத் தடவையாச்சும் பாட்டு இருக்குதுங்களா சார்?" என்று தபால்காரர் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவார்.

நான் ஆத்தூர்ப் பக்கத்துக்காரன். பெண் எடுத்தது பள்ளிபாளையத்தில், பதினாறு விசைத்தறி ஓடும் ஒரு வீட்டில். கல்யாணம் முடிந்து முதல் விருந்துக்குப் போனபோது, மதியம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பதினாறு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. கட்டில் அதிர்ந்தது, சொம்புத் தண்ணீர் அதிர்ந்தது, என் பற்களும் அதிர்ந்தன. மூடிப்போன ஆலையின் ஓசையைக் கடல் தாண்டி வரவழைத்துக் கண்ணீர் மல்கக் கேட்கிற மகா ரசிகனான நான், ஓடுகிற ஆலையின் ஓசை தாங்காமல் இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொண்டேன். தறிக்கூடத்துக்குள் எட்டிப் பார்த்தேன். மனைவியும் அவள் தங்கைகளும் ஆளுக்கொரு மூலையில் நின்று சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தச் சத்தத்திலும் கேட்கும்படி எப்படித்தான் கத்துகிறார்களோ என்று வியந்துவிட்டு வந்து படுத்தேன்.

மாமனாருக்கு அப்போதே காது போயிருந்தது. நாற்பது வருடம் தறிகளுக்கு நடுவில் நின்றவர். மூன்று பெண்களைப் படிக்க வைத்துக் கட்டிக் கொடுப்பதற்குள் இரண்டு காதையும் தறிக்குக் கொடுத்துவிட்டார். அந்த மனிதரின் மருமகன் நான். அதே செவிட்டுத்தனத்தை ஆர்டர் போட்டு, தபாலில் வரவழைத்து, சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து சம்பாதித்திருக்கிறேன். இதை அவர் மகளிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

ஒருமுறை அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, என் சேகரிப்பிலேயே உயர்ந்த தட்டைப் போட்டுக் காட்டினேன். கேட்காதவருக்கு ஏன் போட்டேன் என்று கேட்காதீர்கள். பெருமை யாரைச் சும்மா விட்டது? அவர் எழுந்து வந்து ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். கண்ணை இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"மாப்ளே, நாடா பெட்டியில மோதுதுங்க. இப்படியே ஓட்டுனா நூலு அறுந்துட்டே இருக்கும். ஃபிட்டரக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்லுங்க" என்றார். நாடா என்பது தறியில் நூலோடு குறுக்கே பாயும் கட்டை.

ஜெர்மானியக் கலைஞர் ஒருவர் முதலாளித்துவத்தின் வீழ்ச்சியை உணர்த்துவதற்காக எட்டு மாதம் உழைத்து உருவாக்கிய பகுதி அது. ஃபிட்டர் வந்தால் சரியாகிவிடுமாம். மாமனார் ஊருக்குப் போனதும் அதே தட்டைத் திரும்பப் போட்டு, அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்து அவரைப் பற்றி நினைத்ததையெல்லாம் சொல்லித் தீர்த்தேன்.

இது என் நெடுநாள் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடானதும் இரண்டு மணி நேரம் தட்டு ஓடும். நான் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வேன். ஒலியை நான் வைக்கும் அளவில் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. முதலில் மேலதிகாரியைத் திட்டத்தான் ஆரம்பித்தேன். அலுவலகத்தில் வாய் திறக்க முடியாததை இங்கே வாய் திறந்து சொன்னால் மனசு லேசானது. பிறகு பட்டியல் நீண்டது. மச்சினன் போடும் நடிப்பு, கொழுந்தியாள் வீட்டு விசேஷத்தில் எனக்கு மரியாதை குறைந்தது, அன்றைய சாம்பாரில் உப்பு இல்லாதது, எல்லாம் அந்த இரைச்சலில் போட்டு மூடப்படும். மனைவி எதிரே தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ இருப்பாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாள்கூட எழுந்து போனதில்லை, சத்தத்தைக் குறைக்கச் சொன்னதுமில்லை. அவளுக்கும் இந்த இசை பிடித்துவிட்டது, நான்தான் அவளுடைய ரசனையை வளர்த்தேன் என்று எங்கள் இணையக் குழுவில் பலமுறை எழுதியிருக்கிறேன். கனடாவிலிருந்து ஒருவர் என் மனைவிக்கு வாழ்த்தே அனுப்பினார்.

மருத்துவரைப் பார்த்து வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையும் தட்டைப் போட்டேன். நிறுத்தச் சொல்லியிருந்தார்தான். ஆனால் வேறு எங்கே போய்ச் சொல்வேன்? இரும்புகள் ஒன்றோடொன்று மோத ஆரம்பித்ததும் சொன்னேன். "வலது காது போயிடுச்சு. இடதும் போயிடுமாம். உங்கப்பா சோத்துக்காகத் தொலைச்சாரு, நான் சும்மா உட்கார்ந்து தொலைச்சிட்டேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. பயமா இருக்கு." சொல்லி முடித்தபோது உண்மையிலேயே கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

சட்டென்று அறை அமைதியானது. மனைவி ஒலிபெருக்கியின் குமிழில் கை வைத்து நின்றாள். விரல்களில் வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது.

"எந்த டாக்டருங்க சொன்னாரு?"

எனக்கு வியர்த்துவிட்டது. "நான் கத்திட்டனா?"

"இல்லீங்க. ஒதடுதான் அசைஞ்சுது. தறிக்கூடத்துல வளந்தவளுக்கு அது பத்தாதுங்களா? எங்கூட்ல எல்லாரும் அப்படித்தானே பேசிக்குவோம். சத்தத்துல யாருங்க கத்துவாங்க?"

அன்றைக்குத் தறிக்கூடத்தில் நான் பார்த்த சிரிப்பும் பேச்சும் அப்போதுதான் எனக்கு விளங்கின. யாரும் கத்தவில்லை. ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்திரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் வரிசையாகக் கண் முன்னால் வந்து நின்றன.

"அப்படின்னா... எல்லாமேவா?"

"எல்லாந்தானுங்க. சாம்பாரப் பத்திச் சொன்னதும் தெரியும். அடுத்த வாரம் உப்பு ஒரு கை தூக்கலாப் போட்டனே, எதுக்குன்னு நெனச்சீங்க? எந்தம்பிய நடிகன்னு சொன்னது நெசந்தான், அதுக்கு நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். எங்கய்யனச் செவிட்டுக் கெழம்னு சொன்னீங்க பாருங்க, அன்னிக்கு மட்டும் அந்தத் தட்ட ஒடச்சுப் போடலாம்னு எந்திரிச்சேன். அப்புறம் உங்க மூஞ்சியப் பாத்தேன். பாவமா இருந்துச்சு, உட்டுட்டேன்."

"ஏன் சொல்லவே இல்ல?"

"நீங்க சத்தமாச் சொல்லியிருந்தா நானுஞ் சத்தமாப் பதில் சொல்லியிருப்பேன்."

செவிட்டுக் கிழம் என்று சொன்ன வாய் என்னுடையது. இப்போது அந்தக் கிழவர் இருக்கும் இடத்துக்கே நானும் போய்க்கொண்டிருக்கிறேன், அவருக்கு இருந்த காரணம்கூட எனக்கு இல்லை. மன்னிப்புக் கேட்டேன். வாயைத் திறந்து, சத்தமாக, முதல் தடவையாக. அவள் தலையை ஆட்டினாள். முள்ளைத் தூக்கித் தட்டை நிறுத்தினாள். எனக்கு நேர் எதிரே, முழங்கால் இடிக்கும்படி நெருங்கி உட்கார்ந்தாள்.

"இனி இத வெச்சுத்தான் பொழைக்கோணும். பழகிக்குங்க" என்றாள்.

பிறகு சத்தமில்லாமல் பேச ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் எங்கள் வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. அவள் நீண்ட நேரம் பேசினாள். நடுவில் ஒரு இடத்தில் சிரித்தாள். ஒரு இடத்தில் விரலை நீட்டி என்னைத் திட்டினாள் போலிருந்தது. ஒரு இடத்தில் கண் கலங்கியது. நானும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். துருப்பிடித்த குழாய்க்கும் துருப்பிடிக்காத குழாய்க்கும் ஓசையில் உள்ள வேறுபாடு பற்றிக் கட்டுரை எழுதியவனுக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை.

"ஒண்ணுமே புரியல. இது பழக எத்தனை நாளாகும்?" என்றேன்.

"அது உங்க கையிலதானுங்க இருக்குது" என்றாள். "நானும் இருவத்திரண்டு வருசமா எதுக்கால உக்காந்து நீங்க சொன்னதுக்கெல்லாம் இப்படித்தான் பதில் சொல்லிட்டு இருந்தேன். ஒருக்காக்கூட நீங்க கண்ணத் தொறந்து பாக்கல."

வெட்கத்தில் தலை தன்னால் தாழ்ந்தது. தாழ்த்தினால் அவள் உதடு தெரியாது என்பதால் நிமிர்ந்து உட்கார்ந்து, மறுபடியும் சொல்லச் சொன்னேன்.