அப்பா தேடிக் கண்டுபிடித்த குலதெய்வம்

எழுபதுகளின் நடுவில், ஒரு மாசி மாதம். ஸ்ரீபெரும்புதூரில் மாமியார் வீட்டில் இருந்தேன். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஏழு மாத கர்ப்பம். வளைகாப்புக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் அப்பா சென்னையில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா ஏதோ ஒரு பஞ்சத்தில் ஊரை விட்டு வந்தவராம். எந்த ஊர், என்ன சாமி என்று யாரிடமும் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் குலதெய்வம் எது என்று கேட்டபோது, தெரியாதவர்கள் எல்லோரும் சொல்வதுபோல் அப்பாவும் "எங்களுக்குத் திருப்பதிதான்" என்று சொல்லிச் சமாளித்தார்; பேச்சு வளரக் கூடாதென்று அவர்களுடையது எது என்று திருப்பிக் கேட்கவும் இல்லை. ஆனால் அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. ஓய்வு பெற்றதும் மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் பஸ் ஏறினார். "பூர்வீகம் தெரிஞ்சிட்டா மட்டும் மாடி வூடு கட்டிக் குடுக்கப் போறாங்களா?" என்று அம்மா கிண்டல் செய்வார். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ஒருநாள் மத்தியானம் அப்பா என் மாமியார் வீட்டுக்கு வந்தார். சட்டை எல்லாம் வேர்வை, முகமெல்லாம் சிரிப்பு. மாமியார் பின்கட்டுக் கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தார். அப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கண்டுபுடிச்சிட்டேம்மா! வாலாஜாபாத் சந்தையிலே ஒருத்தரு, எங்க தாத்தா பேரைச் சொன்னதும் புடிச்சிக்கினாரு. நம்ம கோயிலு ஒரகடத்துக்கு அந்தாண்ட ஒரு ஏரிக்கரையிலே கீதாம். பொன்னியம்மன். ஏரிக்கு முதுகைக் காட்டிக்கினு உக்காந்துகீறாளாம்!"

அந்தக் கோயிலை எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் என் கணவர் வீட்டார் என்னை அங்கேதான் பொங்கல் வைக்க அழைத்துப் போனார்கள். அம்மன் ஏன் ஏரியைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள் என்று நான் கேட்டுச் சிரிப்பு வாங்கியதும் அங்கேதான். அது என் கணவருடைய குலதெய்வம்.

நம் பக்கத்தில் சின்னக் குழந்தைக்குக்கூட இது தெரியும். ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். பங்காளி வீட்டுப் பையனும் பெண்ணும் அண்ணன் தங்கை முறை. அவர்களுக்குள் கல்யாணம் என்பது வாயால் சொல்லவே கூடாத விஷயம்.

அப்பாவின் கையைப் பிடித்து அழுத்தி, மெதுவாகச் சொன்னேன். அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே செத்துப்போனது. கிணற்றடியில் ராட்டினச் சத்தம் நின்றிருந்ததை நான் கவனித்தேனா இல்லையா என்று இப்போது நினைவில்லை.

"ஒரே கோயில்ல மாமன் மச்சான் வகையறாவும் சேர்ந்து கும்புடுறது உண்டும்மா. பூசாரிக்குத் தெரியும். கேட்டுட்டா வெளங்கிடும்" என்றார் அப்பா.

"வேற மாதிரி வெளங்கிட்டா?" என்றேன். அவர் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டார். காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

அடுத்த சில நாட்கள் நான் பட்ட பாட்டை யாரிடமும் சொல்லி அழ முடியவில்லை. சில மாதங்களுக்கு முன் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே மாமியார் ஒரு கதை சொல்லியிருந்தார். தண்டலம் பக்கம் எங்கேயோ ஒரு ஜோடி பங்காளி முறை என்று தெரிந்துபோய், ஊர் கூடி அவர்களைப் பிரித்து, பெண்ணைக் கைக்குழந்தையோடு தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். "பின்ன இன்னா பண்ணுவாங்க?" என்று கீரைக் காம்பை வீசிவிட்டு எழுந்துபோனார். அந்த ஒரு வார்த்தை இப்போது என் காதிலேயே நின்றது.

என் கணவர் தங்கமான மனிதர். ரைஸ் மில்லில் வேலை முடித்து வந்தால் என் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தை உதைக்கிறதா என்று வயிற்றில் கை வைத்துப் பார்ப்பார். இப்போது அவர் கை பட்டாலே உடம்பு கூசியது. அடுத்த நொடி, கூசியதை நினைத்து அழுகை வரும். "இன்னா, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்பார். தலைவலி என்பேன். குழந்தை கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் சாமி தண்டித்துவிட்டது என்று நடுங்குவேன். அசைந்தால், இது எந்த முறையில் பிறக்கப்போகிறது என்று நடுங்குவேன்.

இனிமேல் தாங்காது என்று அப்பாவை வரச் சொன்னேன். அவர் வந்த அன்று, மாமியார் முதல் பஸ்ஸிலேயே தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பியிருந்தார். அதுவும் நல்லதுதான் என்று, ஆஸ்பத்திரிக்குப் போவதாகக் கணவரிடம் பொய் சொல்லிவிட்டு அப்பாவோடு பஸ் ஏறினேன். ஒரகடம் தாண்டி இறங்கி, வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே நடந்தோம். எதிரே யார் வந்தாலும் கணவரின் சொந்தமோ என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். அப்பா முன்னால் நடந்தார். ஏரிக்கரை ஏறும்போது நின்று, "திரும்பிடலாமா?" என்று கேட்டார். நான் தலையாட்டி மறுத்துவிட்டு நடந்தேன்.

கோயில் வாசலில் என் மாமியார் உட்கார்ந்திருந்தார்.

அந்த நிமிடத்தை எப்படிச் சொல்வது? அவர் அன்று கிணற்றடியில் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். என்னைப் போலவே யாரிடமும் சொல்லாமல், பொய் சொல்லிவிட்டு, அதே கேள்வியைக் கேட்க வந்திருக்கிறார். தண்டலத்துக் கதையைச் சொன்ன வாயால் இப்போது என்ன சொல்லப்போகிறாரோ என்று அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

"வயித்துப் புள்ளைய வச்சிக்கினு வெயில்ல நடந்தியா? உக்காரு முதல்ல" என்றார் மாமியார். அருகில் போன பிறகுதான் பார்த்தேன், அவர் கண்கள் சிவந்திருந்தன. அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, "சத்தியமா எனக்குத் தெரியாதுங்க" என்றார்.

"காத்தால வந்தவ. பூசாரி ரெண்டு வாட்டி வந்து, இன்னா சமாச்சாரம்னு கேட்டுட்டுப் போயிட்டாரு. எனக்கு வாய் வரல" என்ற மாமியார், அப்பாவை நேராகப் பார்த்தார். "தேடுனது கெடைச்சிடுச்சி. அத்தோட விட்டுடுங்க அண்ணே."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதுவரை அப்பாவை அவர் சம்பந்தி என்றுதான் கூப்பிடுவார். கணவனின் பங்காளியை எந்தப் பெண்ணும் அண்ணன் என்று கூப்பிட மாட்டாள். அது கொழுந்தன் முறை. அண்ணன் என்றால் அவர் பிள்ளைக்கு மாமன்; மாமன் பெண்ணைக் கட்டுவதில் தவறே இல்லை. யாரையும் கேட்காமல், எதையும் விசாரிக்காமல், தன் குலதெய்வத்தின் வாசலிலேயே உட்கார்ந்து அவர் முறையை முடிவு செய்துவிட்டார்.

அதற்குள் மண்வெட்டியைச் சாத்திவிட்டு மூன்றாவது முறையாகப் பூசாரி வந்தார். மருமகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆகவேண்டும் என்று வேண்டிக்கொள்ள வந்தோம், கற்பூரம் ஏற்றுங்கள் என்றார் மாமியார். பூசாரி தட்டை எடுத்துக்கொண்டே அப்பாவைப் பார்த்து, "ஐயா யாரு? எந்த ஊரு, எந்த வகையறா?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

அப்பா ஊர் ஊராகத் தேடி அலைந்த பதில் அந்த மனிதரிடம் இருந்தது. தாத்தாவின் பேரைச் சொன்னால் போதும், ஊர், வீடு, சொந்தம் எல்லாம் கிடைத்துவிடும். மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

"பொண்ணுக்கு அப்பா. நமக்கு மெட்ராஸ்தாங்க. சொந்த ஊருன்னு ஒண்ணும் கெடையாது" என்றார் அப்பா.

திருநீறு வாங்கும்போது அவர் கொஞ்ச நேரம் அம்மனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவர் அந்தக் கோயில் பக்கம் வரவே இல்லை. பூர்வீகம் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. மாமியாரும் நானும் அதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. என் கணவருக்குக் கடைசிவரை தெரியாது. மகன் நல்லபடியாகப் பிறந்தான். ஆனாலும் அவனுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம், அவனுக்குப் பெண் பார்த்தபோதும், அந்தப் பழைய பயம் திரும்பி வந்தது. பூசாரி என்ன சொல்லியிருப்பார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது பேரப்பிள்ளைகள் வம்சாவளி வரைகிறேன் என்று வந்து, "உங்க அப்பாவுக்குப் பூர்வீகம் எதுன்னு தெரியாதா?" என்று கேட்கும்போது, தெரிந்துகொள்ளாமல் திரும்பி வந்த அந்த மனிதரை நினைத்துக்கொண்டு, தெரியாது என்கிறேன்.