அர்த்தம் அண்ணன் கூப்பிட்ட பெயர்

எங்கள் கடையில் சீருடைச் சட்டைகளுக்குப் பெயர் தைக்கிறவரை எல்லோரும் அர்த்தம் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பட்டத்தைக் கொடுத்தது நான். முன்மேசையில் ஆர்டர் எழுதிக்கொண்டு, பதினாறு வருடமாக அவர் பேச்சைக் கேட்டுக் காது புளித்துப் போனவள் என்பதால், அந்த உரிமை எனக்கு உண்டு.

வேலை என்னவோ எளிதான வேலைதான். ஆஸ்பத்திரி, ஓட்டல், தொழிற்சாலை என்று எங்கிருந்தாவது சட்டைகள் கட்டுக்கட்டாக வரும். இடது பக்கப் பைக்கு மேலே ஆளின் பெயரை எம்பிராய்டரி மெஷினில் தைக்க வேண்டும். எழுத்துப்பிழை இல்லாமல் தைத்தால் போதும். அண்ணனுக்கு அது போதாது. பெயரின் பூர்வீகம் தெரியாமல் ஊசியில் நூல் கோக்க மாட்டார். நாலா திசையிலிருந்தும் ஆட்கள் பிழைக்க வந்திருக்கும் ஊர் என்பதால் அவருக்குத் தீனிக்குப் பஞ்சமில்லை. சட்டை வாங்க வருகிறவர்களை நிறுத்தி வைத்து, "உங்க பேருக்கு என்னங்க அர்த்தம்?" என்பார். தெரியாது என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அவரே ஆரம்பித்துவிடுவார்.

ஒருநாள் ஹனா என்று ஒரு பெண் வந்தாள். அண்ணனுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது.

"ஜப்பான்காரங்க பேருன்னா நீ பூ. அரபுப் பேருன்னா சந்தோஷம். கொரியாவுல கேட்டா ஒண்ணு."

"ஒண்ணா?"

"ஆமாம்மா, ஒண்ணு ரெண்டு மூணுல வர்ற ஒண்ணு. இதுல நீ எது?"

"நான் நைட் டியூட்டிங்க, நேரமாச்சு" என்று சட்டையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனாள்.

இதோடு நின்றால் பரவாயில்லை. மனிதருக்கு எதையும் பூசி மெழுகத் தெரியாது. ஓர் ஓட்டலின் மேலாளர், கிளாடியா என்று பெயர், "எனக்கும் சொல்லுங்களேன்" என்று ஆசையாகக் கேட்டார். "லத்தீன்ல நொண்டின்னு வருதும்மா" என்றார் இவர். அந்த ஓட்டல்காரர்கள் அதற்குப் பிறகு எங்கள் தெருப்பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. தலை கொள்ளாமல் முடி வைத்திருந்த கால்வினிடம், அவர் பெயர் வழுக்கை என்ற சொல்லிலிருந்து வந்தது என்றார். அந்த மனிதர் உடனே போய், அளவு பார்க்கிற கண்ணாடி முன்னால் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலாளி அண்ணனை உள்ளே கூப்பிட்டார்.

"நல்ல அர்த்தம் இருந்தா சொல்லு. இல்லைன்னா வாயைத் தச்சுக்கோ. மெஷின்தான் இருக்கே."

"நான் என்னங்க பண்றது? வச்சவங்கல்ல யோசிச்சு வச்சிருக்கணும்" என்றார் அண்ணன்.

போன மாதம் அவர் மனைவிக்கு, அதாவது அண்ணிக்கு, பித்தப்பையில் கல் என்று சொல்லிவிட்டார்கள். ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும். டாக்டர் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தபோது, "கிரேக்கத்துல பீட்டர்னாலும் கல்லுதான் டாக்டர்" என்றாராம் அண்ணன்.

"பயம் வந்தா மத்தவங்களுக்கு வயித்தைக் கலக்கும். உங்க அண்ணனுக்கு அர்த்தமா கொட்டும்" என்று அண்ணி என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

அண்ணனுக்கு உள்ளபடியே பயம்தான். கத்திக்குக்கூட இல்லை, மயக்க மருந்துக்கு. "தங்கச்சி, தூங்க வச்சிடுவாங்க சரி. எழுப்ப முடியலைன்னா?" என்று தினமும் என் மேசைக்கு வந்து கேட்பார். பிள்ளைகள் இல்லாத வீடு அது. அவருக்கு அண்ணி, அண்ணிக்கு அவர், அவ்வளவுதான். நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன்.

காத்திருக்கும் அறையில் முதல் அரைமணி நேரம் சுவரில் ஒட்டியிருந்த டாக்டர்கள் பட்டியலை மேலிருந்து கீழே அர்த்தத்தோடு வாசித்தார். "கொஞ்சம் சும்மா இருங்கண்ணே" என்று அதட்டினேன். சும்மாவே ஆகிவிட்டார். ஏன்தான் சொன்னோமோ என்றிருந்தது எனக்கு.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு நர்ஸ் எட்டிப் பார்த்து எங்களை உள்ளே கூப்பிட்டார். அவர் வேறு மொழிக்காரர். நம் மொழியை இங்கே வந்து கற்றுக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுவார்.

"மூச்சு, துடிப்பு எல்லாம் நல்லா இருக்கு. ஆனா இன்னும் கண் திறக்கலை. வீட்டு ஆள் குரல் கேட்டா முழிப்பாங்க. பேர் சொல்லிக் கூப்பிடுங்க."

அண்ணன் கட்டிலருகே போய் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு அண்ணியின் பெயரைச் சொன்னார். விண்ணப்பப் படிவத்தை வாசிப்பது போல இருந்தது. அசைவில்லை. இனிஷியலையும் சேர்த்துச் சொல்லிப் பார்த்தார். பிறகு சத்தமாகச் சொன்னார். அண்ணியின் இமைகூட அசையவில்லை. அண்ணன் முகம் வெளுத்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பதினாறு வருடத்தில் அண்ணன் வாயிலிருந்து அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. ஊரில் உள்ள அத்தனை பெயரையும் அலசுகிற மனிதர், கட்டிய மனைவியின் பெயரை இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்லிக் கூப்பிடுகிறார். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அண்ணி பாட்டுக்குத் தூங்குகிறார்.

"அண்ணே, வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படிக் கூப்பிடுங்க" என்றேன்.

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். குரல் உடைந்துவிட்டது.

"இந்தா... இந்தா, உன்னைத்தான்..."

"ம்... என்னங்க?" என்றார் அண்ணி, கண்ணைத் திறக்காமலே. பிறகு மெல்லத் திறந்தார்.

அண்ணன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நர்ஸுக்கு ஒரே சந்தோஷம். படுக்கையோடு தொங்கிய அட்டையை எடுத்துக்கொண்டார்.

"இந்தா! செல்லப் பேரா சார்? ராத்திரி வர்ற சிஸ்டரும் இதையே சொல்லிக் கூப்பிடட்டும், நான் எழுதி வைக்கிறேன். அழகா இருக்கு. என்ன அர்த்தம்?"

அண்ணனிடம் ஒருவர் தாமாகவே வந்து அர்த்தம் கேட்கிறார். அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"இந்தான்னா... 'எடுத்துக்கோ'ன்னு அர்த்தம் சிஸ்டர்" என்றார் கடைசியில், மிகவும் சின்னக் குரலில். "கையில ஏதாவது கொடுக்கும்போது சொல்றது."

நர்ஸ் அவருடைய வெறும் கைகளைப் பார்த்தார்.

"எதை எடுத்துக்கணும்?"

அண்ணனும் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். கட்டிலிலிருந்து அண்ணியின் குரல்தான் வந்தது, மயக்கம் தெளியாமல், குழறலாக.

"முப்பத்தோரு வருஷமா நானும் அதைத்தான் சிஸ்டர் பாத்துட்டிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணன் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நர்ஸ் மட்டும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார்.